இன்றைக்குக் குஞ்சு உண்டா?

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஆமையைப் பற்றித்தான் இருக்கும். நாகர்கோவிலில் வீடு வைத்திருப்பவன் கட்டவேண்டிய வரி இது. இந்த ஆண்டு முதலில் அழைத்தவன் கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகன். "அண்ணா, பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளோடு வருகிறோம். உங்கள் ஊரில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்களாமே, டிக்கெட் எவ்வளவு? எந்த நாள் வந்தால் நிச்சயமாகப் பார்க்கலாம்?" என்றான்.

டிக்கெட் கிடையாது, நிச்சயமும் கிடையாது என்றேன். "அப்படியானால் இலங்கைக்கே போய்விடுகிறோம். அங்கே எந்த நாள் போனாலும் காட்டுகிறார்களாம்" என்றான். அன்றிரவு உட்கார்ந்து அவனுக்கு ஒரு நீண்ட பதில் எழுதினேன். அதையே இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். ஆமைக் குஞ்சு பார்க்க ஆசைப்படும் ஒரு குடும்பத்துக்கு உள்ள வழிகள் என்ன, எதில் ஆமைக்கு லாபம், எதில் நமக்கு மட்டும் லாபம் என்பதுதான் கணக்கு.

முதலில் அந்த 'எந்த நாள் போனாலும்' என்பதைப் பார்ப்போம். நம் கரைக்கு அதிகமாக வருவது பங்குனி ஆமை. பேரிலேயே பருவம் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, பிங்பாங் பந்து அளவில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். திரும்பி வந்து பார்க்காது. அடைகாப்பது மணலின் சூடுதான். 45 நாளில் பொரிக்கலாம், 60 நாளும் ஆகலாம். மணல் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் தாமதம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது; சூடு கூடினால் பெண் அதிகம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு மணலின் சூடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பொரித்த குஞ்சுகள் மணலுக்குள்ளேயே ஒன்றையொன்று உந்தி மேலேறி, மேல்மண் குளிர்ந்ததும், பெரும்பாலும் இரவில், ஒன்றாக வெளியே வரும்.

இப்படி வேலை செய்யும் ஒரு உயிரை எந்த நாளிலும், அதுவும் பகல் பதினொரு மணிக்குக் காட்ட முடிகிறது என்றால் அது எங்கோ தொட்டியில் கிடந்திருக்கிறது என்று பொருள். இதுதான் என் முதல் அளவுகோல். 'இன்றைக்குக் குஞ்சு உண்டா?' என்று கேட்டால், 'தெரியாது, சாயங்காலம் குழியைப் பார்த்துச் சொல்கிறோம்' என்று பதில் வரும் இடத்துக்குப் போகலாம். 'உண்டு, எப்போதும் உண்டு' என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

இதை நான் யோசிக்காமல் போய்ப் பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, தென்மேற்குக் கரையோரமாகக் காரில் போனோம். கொஸ்கொட, பெந்தோட்ட பக்கம் சாலை நெடுகப் பொரிப்பகங்களின் பலகைகள். ஒன்றில் நுழைந்தோம், பெயர் வேண்டாம். கட்டணம் கட்டினோம். சிமெண்ட் தொட்டியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் சுவரில் முட்டி முட்டி நீந்திக்கொண்டிருந்தன. என் மகளின் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறுக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் கடலில் விடலாம் என்றார்கள். கொடுத்தோம். உச்சி வெயிலில், அலை தொடும் இடத்தில் விட்டோம். "எத்தனை நாள் குஞ்சு?" என்று மகள் கேட்டாள். "மூன்று நாள்" என்று அந்தப் பையன் பெருமையாகச் சொன்னான்.

அந்த மூன்று நாளின் பொருள் ஊருக்குத் திரும்பிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பொரித்து வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுதான் அதன் கட்டுச்சோறு. அந்தச் சத்தில் முதல் ஒரு நாள் வெறிபிடித்தாற்போல நீந்தி, கொக்கும் பருந்தும் பெருமீனும் மொய்க்கும் கரையோரத்தைக் கடந்து ஆழத்துக்குப் போய்விட வேண்டும். அந்த வெறியை அது தொட்டிச் சுவரோடு முட்டிச் செலவழித்துவிட்டால், கடலில் விடும்போது களைத்த குஞ்சைத்தான் விடுகிறோம். தொட்டியில் ஒன்றையொன்று கடிப்பதும் நோய் தொற்றுவதும் வேறு. பகலில் விட்டால் வானத்திலிருந்து பார்க்கும் பருந்தின் பார்வைக்கும் தப்பாது. கரையில் இயல்பாகவே ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த ஒன்றையும் நாம் புகைப்படத்துக்காகப் பணயம் வைத்தோம்.

'சில மாதம் வளர்த்துப் பெரிதாக்கி விடுகிறோம், அதனால் பிழைக்கும்' என்றும் சில இடங்களில் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். கையால் தீனி தின்று பழகிய ஆமை திறந்த கடலில் என்ன செய்யும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இலங்கை என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. தெற்கே ரெக்காவ கரையில் முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காத்து, இரவில் பேராமை கரையேறுவதைத் தள்ளி நின்று பார்க்க அழைத்துப் போகிறார்கள். அங்கே ஆமை வராத இரவும் உண்டு. போக வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

அடுத்த வழி, யாரையும் கேட்காமல் ராத்திரி டார்ச்சோடு நம் கடற்கரையில் இறங்குவது. சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் என்று இளைஞர் கூட்டம் இப்படிக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். முட்டையிட வரும் தாய் ஆமை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். கடலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; முட்டையைத் தொட்டாலே குற்றம், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை வரை போகும். 'நான் காப்பாற்றத்தானே எடுத்தேன்' என்பது அங்கே செல்லாது. முட்டையும் அப்படித்தான்: இட்டுச் சில மணி நேரம் கடந்த பிறகு புரட்டினாலே உள்ளே கரு செத்துவிடலாம். நல்ல மனத்தோடு தோண்டி எடுத்து வீட்டு மணலில் புதைத்த முட்டைகள் பொரிக்காமல் போவது அதனால்தான்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் கடல். எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்று ஒரு சொல் உண்டு. காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே ஆழ்கடலில் கிளம்பிய அலை திருட்டுத்தனமாக வந்து கரையேறும். ஏப்ரல், மே அதன் காலம். குஞ்சு பொரிக்கும் காலமும் அதுவே. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனது பட்டப்பகலில். தாழ்வான இடத்தில் இட்ட முட்டைக்குழிகளும் அந்த அலையில் மூழ்கிப் போகும். ஆக, இருட்டில் கால் நனைத்துக்கொண்டு ஆமை தேட இது இடமில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் தம்பிக்குச் சொன்னேன்: வனத்துறையின் பொரிப்பகம். ராஜாக்கமங்கலத்தை அடுத்த தெக்குறிச்சிக் கரையில் வேலியடைத்து, பல ஊர்க் கரைகளிலிருந்து சேகரித்த முட்டைகளை இட்ட ஆழத்திலேயே மறுபடியும் புதைத்து வைத்துக் காவல் காக்கிறார்கள். 'இயற்கையை அதன் போக்கில் விடாமல் ஏன் எடுக்கிறார்கள்?' என்ற கேள்வி நியாயமானது. இட்ட இடத்திலேயே பொரிப்பதுதான் எப்போதும் நல்லது. ஆனால் குமரி மாவட்டத்தின் கரையைப் பாருங்கள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டருக்கு ஊர் ஊராக நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. கடல் அரிப்புக்காகப் போட்ட கல் சுவர் ஒரு பக்கம், கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு ஒரு பக்கம். ஆமை ஏறக் கிடைக்கும் மணல் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளிலும் தெருநாய். ஒரு குழியை நாய் மோப்பம் பிடித்துவிட்டால் விடிவதற்குள் ஓடுகள்தான் மிச்சம். எனவே எடுத்து வைப்பது இங்கே தேர்வல்ல, வேறு வழியின்மை.

வெளிச்சமும் ஒரு எதிரி. குஞ்சுக்குக் கடல் எது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நடக்கும். ஆதி காலத்தில் அது கடலாகத்தான் இருந்திருக்கும். இப்போது உயர்கோபுர விளக்கு. சிறுவயதில் எங்கள் ஊர்க் கோவில் திருவிழா சமயம், கொடிமரத்தில் கட்டிய சர விளக்கை நோக்கிக் குஞ்சுகள் சாலையேறி வந்தன. பிள்ளைகள் நாங்கள் ஆரவாரமாகப் பொறுக்கி வாளியில் போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் வைத்திருந்து காலையில் கடலில் விட்டோம். காக்கைகள் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தன. உப்பு நீரில் வாழும் உயிருக்குக் கிணற்று நீர் ஊற்றியது என்ன புத்தி என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அன்றைக்குக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும், "மக்களே, விளக்கை அணைத்திருந்தால் அதுவே போயிருக்குமே" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

தெக்குறிச்சிக்குப் போவது எளிது. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து ராஜாக்கமங்கலம் பக்கம் போகும் டவுன் பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஆனால் நேரே போய் வேலியருகே நிற்கக் கூடாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எந்தக் குழிகளுக்கு நாள் நெருங்குகிறது என்று தெரிந்துகொண்டு, அனுமதித்தால் போக வேண்டும். கட்டணம் இல்லை. உத்தரவாதமும் இல்லை. ஒரே நாள் வருபவர்களுக்கு இது சூதாட்டம்; நான்கைந்து நாள் தங்குபவர்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பகலில் வட்டக்கோட்டை, பத்மநாபபுரம், திற்பரப்பு என்று வழக்கமான சுற்றை வைத்துக்கொண்டு, சாயங்காலத்தை மட்டும் காலியாக விடுங்கள் என்பது என் யோசனை.

அங்கே எப்படி நிற்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல இடத்துக்குப் போய்க் கெட்ட காரியம் செய்வது நமக்குக் கைவந்த கலை. குஞ்சுகளை அலைக்குச் சில மீட்டர் மேலே மணலில்தான் விடுவார்கள். 'பாவம், தண்ணீரிலேயே விடலாமே' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த நடை வேண்டும். உடலை முறுக்கேற்றிக்கொண்டு, திசையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்குவது அந்த நடையில்தான். வளர்ந்த பெண் ஆமை பல ஆண்டு கழித்துத் தான் பிறந்த பக்கத்துக் கரைக்கே திரும்பி வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதனால் தூக்கி உதவ வேண்டாம், கவிழ்ந்தால் காவலர் பார்த்துக்கொள்வார். கொசு மருந்தும் களிம்பும் பூசிய கையால் தொடவே வேண்டாம். குஞ்சுகளுக்கும் கடலுக்கும் நடுவே நிற்காமல் பின்னால் நில்லுங்கள். நம் காலடித் தடம் நாலு சென்டிமீட்டர் குஞ்சுக்குப் பள்ளத்தாக்கு. அதனால் விடுவதற்கு முன் அந்த இடத்து மணலைக் கையால் சமப்படுத்திக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. பிள்ளைகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஃபிளாஷ் கூடாது. டார்ச் தேவைப்பட்டால் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொள்ளலாம், அதுவும் காவலர் சரி என்றால்.

வேறு ஊர்களோடு ஒப்பிட்டால் குமரிக்குக் குறைகள் உண்டு. பொதுமக்களை ஒழுங்காக அழைத்துப் போகும் பழக்கத்தில் சென்னை நம்மைவிடப் பல படி மேலே. 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஒரு குழு பருவகாலத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். கூட வருபவர்களுக்கு முதலில் ஒரு வகுப்பே எடுப்பார்கள். பிறகு ஆறேழு கிலோமீட்டர் நடை, தூக்கம் போகும், கால் வலிக்கும், ஆமையே வராமலும் போகலாம். செத்த ஆமையைப் பார்ப்பது கிட்டத்தட்ட உறுதி. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடி வலையில் சிக்கும் ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இது சரிப்படாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி தமிழ்நாட்டில் இல்லை என்பேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். குமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, ஒரு மணி நேரப் பயணத்தில் இன்னொரு துறைமுகம் பரபரப்பாக இருக்கும். இரண்டுமே மீனின் இனப்பெருக்கத்துக்காகப் போட்டவை. ஆமை கரைக்கு நெருங்கி வரும் தையிலும் மாசியிலும் இரண்டு பக்கமும் இந்தத் தடைக்காலம் கிடையாது. கரையில் நூறு பேர் நின்று குஞ்சுகளுக்குக் கை தட்டுவதற்கும் கடலில் ஒரு தாய் ஆமை சாவதற்கும் நடுவே உள்ள தூரம் சில கடல்மைல்தான். மீனவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆமை தப்பிக்கும் வழியுள்ள மடியைப் போட்டால் மீனும் கொஞ்சம் தப்பும், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் மீன் வாங்கும் நாமும்.

இன்னொரு ஊர், மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்து வேளாஸ். முட்டையை எடுத்து விற்றுக்கொண்டிருந்த கிராமம், இப்போது ஆமைத் திருவிழா நடத்துகிறது. பொரிப்பகத்தில் குழி மேல் கவிழ்த்த கூடையைக் காலையிலும் சாயங்காலமும் தூக்கிப் பார்ப்பார்கள். குஞ்சு இருந்தால் அப்போதே விடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வேளை. தொட்டி கிடையாது. விருந்தினர் கிராமத்து வீடுகளிலேயே தங்கிச் சாப்பிடுகிறார்கள், பணம் ஊர்க்காரர் கைக்குப் போகிறது. நான் பார்த்தவரை, கேட்டவரை, சுற்றுலாப் பயணிக்கும், ஆமைக்கும், ஊருக்கும் என்று மூவருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு இதுதான். எங்கள் கடற்கரை ஊர்களில் ஒன்றில் இப்படி நடக்கக் கூடாதா என்று ஏக்கமாகவே இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து கொங்கண் ரயிலில் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். கோவா, மும்பை பக்கம் போகும் வேலை இருப்பவர்கள் மாசி, பங்குனியில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, குஞ்சையே பார்க்காத ஒரு வழியும் உண்டு. கடற்கரை விடுதியில் அறை எடுப்பவர்கள், கடல் பார்த்த பால்கனி விளக்கை இரவில் அணைக்கச் சொல்லிக் கேட்கலாம். அறுந்து ஒதுங்கிய நைலான் வலைத் துண்டைப் பொறுக்கி மேட்டில் போடலாம். பிள்ளைகள் கட்டிய மணல் கோட்டையையும் தோண்டிய குழியையும் கிளம்பும்முன் மூடலாம். அடும்புக்கொடி படர்ந்த மேட்டில் வண்டியை ஏற்றாமல் இருக்கலாம். தற்செயலாகக் குஞ்சுகளையோ முட்டையிடும் ஆமையையோ கண்டுவிட்டால், டார்ச்சை அணைத்து, நாயை விரட்டி, விலகி நின்று, வனத்துறைக்கோ பக்கத்து மீனவர்களுக்கோ சொல்ல வேண்டியதுதான். இதெல்லாம் புகைப்படத்தில் வராது என்பதால் யாரும் இதற்காகப் பயணம் போடுவதில்லை.

தம்பிக்கு எழுதியது இதுதான்: பிள்ளைகள் சின்னவர்கள், கையில் ஐந்து நாள் இருக்கிறது, எனவே இங்கேயே வா. இலங்கைத் தொட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூடச் செலவாகாது. குஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வந்தார்கள். ஏப்ரல் கடைசி. நான்கு சாயங்காலம் வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒவ்வொரு குழியிலும் நட்ட குச்சியில் தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதியிருந்ததைப் பெரியவள் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "பெரியப்பா, இது 52 நாள், இது 49" என்று எனக்கே பாடம் எடுத்தாள். சின்னவன் தினமும் மணலைச் சமப்படுத்திக்கொண்டே இருந்தான், குஞ்சே வராத மணலை. நான்காம் நாள் இரவு ரயில் ஏறினார்கள். மறுநாள் மாலை 52 நாள் குழி கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. இருட்டியதும் வந்தன. நான் எண்ணத் தொடங்கி அறுபத்து மூன்றில் குழம்பிவிட்டேன்.

தொலைபேசியில் சொன்னதும் தம்பி நொந்துகொண்டான். பின்னாலிருந்து பெரியவளின் குரல்: "அப்பா, 53ஆம் நாள்! நான்தான் சொன்னேனே." அடுத்த ஆண்டுக்குப் பத்து நாள் லீவு கேட்டு வைத்திருக்கிறானாம். எந்த நாள் வந்தால் நிச்சயம் என்று இந்த முறை கேட்கவில்லை.